எண்ணெய் எடுப்பவன் சொல்லும் வழி

நல்ல உணவகம் எது என்று
என்னிடம்தான் கேட்கிறார்கள்.
மார்சேய் ரயிலடியில் இறங்கி
நோவாய்ச் சந்தைக்குள் வந்து திகைத்தவர்கள்.
நீலப் பீப்பாயை நான் உருட்டும்போது
எதிரே வந்து நிற்பார்கள்,
கையில் போன், தோளில் தூங்கும் குழந்தை.
பச்சைக் கதவா, மஞ்சள் கதவா,
எதில் நுழைவது?

முன்கதவு எனக்குத் தெரியாது, மதாம்.
பதினோரு வருடமாய்ப் பழைய எண்ணெய் எடுக்கிறேன்.
இந்தத் தெருவில் எனக்குப் பழக்கமானவை
எல்லாம் முதுகுகள்.

மொன்செஃபின் எண்ணெய்
செவ்வாய்க்கிழமையிலும் தேன் நிறம்.
ஆனால் அவரிடம் பொரித்தது எதுவும் வேண்டாம்.
கொண்டைக்கடலைச் சூப் கேளுங்கள்.
நேற்றைய ரொட்டியைப் பிய்த்து அடியில் போட்டு
மேலே சீரகம், ஹரிஸா, பாதி வெந்த முட்டை.
நீங்களேதான் கலக்க வேண்டும்.
கலக்காமல் படம் எடுப்பவர்களை
அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்,
துனீஸ் வரைக்கும் சுடும்.

அட்ஜுவா கடையில்
மீன் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.
ஒரு மணிக்கு மேல் போனால்
மரவள்ளிச் சோறும் அவள் சிரிப்பும் மிஞ்சும்.
சிரிப்பு வயிற்றை நிறைக்கும் என்று
நான் பொய் சொல்லமாட்டேன்.

நாலு மொழியில் பட்டியல் எழுதி
நடைபாதையில் நிறுத்தியிருக்கிறதே ஒரு கடை,
அதன் பீப்பாயை மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவேன்.
பெயர் சொல்லமாட்டேன்,
ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கிறது.

இனி என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள்.

படிக்கட்டுச் சந்தில் ஒரு கொமோரோக் கடை.
சொயிலிஹியின் எண்ணெயைப் போல
தெளிந்த எண்ணெயை நான் எங்கும் கண்டதில்லை.
அடியில் விழுந்த மிளகு கூடத் தெரியும்.
என்ன சுத்தம், என்ன நேர்த்தி என்று
வாரா வாரம் மனசுக்குள் மெடல் குத்தினேன்.
இவ்வளவு நல்ல கடையில் இடம் ஏது என்று
வந்தவர்களை எல்லாம்
மொன்செஃபிடம் அனுப்பினேன்.

மார்ச் மாதம் ஒருநாள்
அவரே பீப்பாயைத் தட்டிக் காட்டினார்.
"ஹாகோப், ஐந்து வாரமாய் இதே எண்ணெய்.
ஆள் வந்தால்தானே கறுக்கும்."

கையுறையைக் கழற்றினேன்.
கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.
முன்பக்கத்தில் எது அவர் கடை என்று தெரியவில்லை.
தையல் கடைக்குள் நுழைந்து
மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தேன்.
பிறகு கண்டேன்:
ஆரஞ்சுச் சுவர், பிளாஸ்டிக் செம்பருத்தி,
ஆறு மேஜை, ஆறும் காலி.

பின்பக்கம் "டேய்" என்று கூப்பிடுகிற மனிதர்
முன்பக்கம் "முஸ்யூ" என்றார்,
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.
இருவருக்கும் சிரிப்பு வந்தது.
இருவரும் அடக்கிக்கொண்டோம்.

கோழி இறக்கை வந்தது, கூடவே வாழைக்காய்,
கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சாந்து.
பதினோரு வருடம் மிச்சத்தை மட்டும் முகர்ந்தவனுக்கு
முதல் கடி எப்படி இருந்தது என்று
சொல்லத் தெரியவில்லை.
எலும்பைக் கூட விடவில்லை.

கண்ணாடிக்கு வெளியே இருவர் நின்றார்கள்.
பட்டியலைப் பார்க்கவில்லை.
கறைபடிந்த சட்டைக்காரன் ஒருவன்
விரலை நக்குவதைப் பார்த்தார்கள்,
ஒருவரையொருவர் பார்த்தார்கள்,
கதவைத் தள்ளினார்கள்.

நேற்று பீப்பாயைத் திறந்தேன்.
இலேசான தேநீர் நிறம்.
பரவாயில்லை, ஆனால் போதாது.

படியிறங்கி இடது பக்கம், தையல் கடைக்கு அடுத்த கதவு.
நீங்கள் மொத்தம் எத்தனை பேர், மதாம்?