க் இல்லாத சொல்

பாலையூற்றுச் சிறில் முறைப்பாடு சொன்னார்:
நேவி வலையை வெட்டிவிட்டது.
எட்டுத் துண்டு, புது நைலோன், கடன் இன்னும் பாதி.
எல்லை தாண்டிவிட்டாராம்.
"கடலில எங்க தங்கச்சி எல்லை?
காட்டச் சொல்லுங்கோ, கம்பு நட்டிட்டு வாறன்."

நான் இங்கிலீசில் சொல்லச் சொல்ல
கண்காணிப்புக் குழு வெய்க்கோ
கொப்பியில் தன் மொழியில் நாலெழுத்து எழுதினான்.
மேசைக்கு அந்தப்பக்கமிருந்து
தலைகீழாய்ப் படித்தார் சிறில்:
"ராஜா... எந்த ராஜாவ எழுதுறார்?"

"ரயா" என்றான் வெய்க்கோ,
மேசையில் நகத்தால் ஒரு கோடு கீறி.
பின்லாந்தில் எல்லைக்கு அதுதான் பெயர்.

எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டேன்.
"உன் மேசை எங்கிருந்து வந்ததென்று உனக்குத் தெரியுமா?"
போர்த்துக்கல், என்றேன். கதிரையும் அங்கிருந்துதான்.
நாம் இருக்கும் கந்தோர் ஒல்லாந்து.
அவன் பேசவில்லை.
ஊரிலிருக்கும் தங்கைக்கு அன்றிரவே எழுதினான்.

மூன்று வாரம்.
ஒரு ஹர்த்தால், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கைக்குண்டு,
பிறகு பதில்.

கிழக்கே அயலவனிடம் வாங்கியது.
ரஷ்யன் வாயில் அது 'க்ராய்':
ஓரம், விளிம்பு.
இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு வாசலில் நின்றால்
பின்லாந்து நாக்கு ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடும்.
க் வெளியே நின்றுவிட்டது,
மூதூர் ஜெட்டியில் அடையாள அட்டை இல்லாதவனைப்போல.
ர மட்டும் உள்ளே.

நாங்கள் வேறு மாதிரி.
ர தனியாக வந்தாலே நம்பமாட்டோம்,
பிணைக்கு ஓர் இகரத்தைக் கூட்டிவந்து
முன்னே நிறுத்துவோம்.

க்ராய். க்ராய்.
உவர்மலை இறக்கத்தில் சைக்கிளில் சொல்லிக்கொண்டு வந்தேன்.
பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.
கரை!
கடலின் ஓரம், சேலையின் ஓரம்,
எங்கள் சொல்லை யாரோ பனிக்குள் கொண்டுபோய்
தலையை வெட்டியிருக்கிறான்!

தங்கையின் அடுத்த பதில் ஒரே வரி:
இல்லை, தற்செயல்.
எனக்கும் தெரிந்துதான் இருந்தது.
லோஞ்சில் எதிரே இருப்பவனுக்குச் செத்த அண்ணனின் முகம்,
பெயர் கேட்டால் வேறு ஊர், வேறு தாய்.
என்றாலும் இறங்கும்வரை
பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

சிறில் மறுபடி வந்தார்.
"அந்த ராஜா என்னவாம்?"

மூன்று வருட வேலையில்
தெரிந்தே நான் செய்த ஒரே பிழையான மொழிபெயர்ப்பு:
"கரை எண்டு அர்த்தம், அண்ணை."

"கரையோ," என்றார். "அது எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்."
மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு போனார்.

வலைக்கு இன்னும் பதில் இல்லை.