பதினாறா, பதினேழா

முதுகுத் துடுப்பில் முள் எத்தனை என்பதில்தான் வழக்கு.
அது நின்றால் எண்ணிவிடுவேன்.
எண்ணத் தொடங்கினால் அது நிற்பதில்லை.

வெள்ளிச் சந்தையில், புறாக் கூண்டுகளுக்குப் பின்னால்,
ஈரத் தரையில் குந்தியிருந்த கடைக்காரன்
பையில் காற்றடைத்து ரப்பர் சுற்றிக்கொண்டே
ஆப்பிரிக்கா என்றான்.
ஒன்றே முக்கால் தினார்.
ஆப்பிரிக்காவில் எங்கே என்றேன்.
சரி, ஒன்றரை கொடு என்றான்.

ஃபர்வானியா, ஐந்தாம் மாடி.
நாலு கட்டில், நாலு பூட்டு, ஒரு ஃபிரிட்ஜ்.
செருப்பு அலமாரியின் தலையில் கண்ணாடித் தொட்டி.
சுகதன் பார்த்த மாத்திரத்தில் கரிமீன் என்றான்,
மிளகும் வாழையிலையும் கண்ணில் தெரிய.
ஷொஹேல், தெலாபியா.
வாடகைக்கு வந்த அபு ஹம்தி குனிந்து
புல்தி, புல்தி என்று சிரித்தார்,
நைல் நதி தன் வீட்டுக் குழாயில் வருவதுபோல.
மணப்பாட்டு ஜெர்சன் மட்டும்
‘கடல்ல இது கெடையாது’ என்று
போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.
கடலில் இல்லாதது அவனுக்கு மீன் இல்லை.

ஒன்றரை தினார் கொடுத்து
ஏரியில் வலை வீசினால் கூடை கூடையாய் விழும்
ஜிலேபியை வாங்கிவந்திருக்கிறேன் என்று
ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மூக்கில் பக்கத்துக்கு ஒரே துளை:
சிக்லிட்தான், சந்தேகமில்லை.
விலாவில் ஓடும் கோடு
பாதியில் அறுந்து, கீழே இறங்கி, மறுபடி தொடங்குகிறது:
அதுவும் சரி.
பட்டைகள் காலையில் ஏழு,
விளக்குப் போட்டால் ஒன்பது,
ஜெர்சன் கதவை அறைந்து சாத்தினால்
உடம்பெல்லாம் ஒரே கறுப்பு.
வால் பக்கம் ஒரு புள்ளி.
அது புள்ளியா அழுக்கா என்று
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
என் லுங்கி நுனிதான் பாசியானது.

பகலில் நான் டைப்பிங் சென்டரில் இருக்கிறேன்.
பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், மதம்.
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும்
கவுண்டரிலிருந்து தாள் திரும்பி வரும்.
பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று.
ஒரே நாளில் பிறந்த எத்தனையோ பேரை
இந்த விரல்கள் பெற்றிருக்கின்றன.

மூன்றாம் நாளே அவன் தீனி தொடவில்லை.
தாடை உப்பிவிட்டது.
பல்வலி என்றான் சுகதன்.
வந்த புதிதில் எனக்கும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை
என்றான் ஷொஹேல்.
கல்லுப்பு போட்டேன். நீலத் திரவம் இரண்டு சொட்டு.
எதற்கும் வாயைத் திறக்கவில்லை.
ஏதோ ஒன்றை மென்று மென்று
விழுங்காமல் வைத்திருப்பவனைப்போல
மூலையில் கிடந்தான்.
சாகப்போகிறவனுக்குப் பெயர் எதற்கு என்று
எண்ணுவதையும் விட்டேன்.

பதினேழாம் இரவு புழுதிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டுத் திரும்பினால்
வாய் திறந்திருந்தது, கொட்டாவிபோல.
உள்ளேயிருந்து ஒரு கண்.
பிறகு இரண்டு கண்ணுள்ள ஒரு சீரகம்.
பிறகு சீரகம் சீரகமாய்
ஒரு கை அளவு நீர் முழுக்கத் துடித்தது.

எல்லாரையும் எழுப்பினேன்.
ஷொஹேல் தன் மொழியில் ஏதோ சொன்னான்,
அவன் குரல் அப்படி இருக்கும் என்று தெரியாது.
ஜெர்சன் எழுந்து வந்தான், புழுதிக்கு இருமினான்.
அவ்வளவுதான்,
அத்தனையும் ஒரே இழுப்பில் வாய்க்குள்.
தொட்டி காலி.
அவன் இல்லை, அவள்.
பதினேழு நாள் பட்டினி கிடந்து
இந்த அறைக்கு ஆள் சேர்த்திருக்கிறாள்.
‘அபு ஹம்தி தலைக்கணக்கு கேட்டா என்ன சொல்லுவ?’
ஜெர்சன்தான் கேட்டான்.

அவள் அசையவில்லை.
எங்களுக்கு நேராக நின்று
எல்லாத் துடுப்பையும் விரித்து வைத்திருந்தாள்.
வந்த நாளிலிருந்து கிடைக்காத நிலை.
மெதுவாக, விரல் படாமல், எண்ணினேன்.
பதினாறு.

‘பதினேழு’ என்றான் ஜெர்சன்,
மூக்கு கண்ணாடியில் ஒட்ட.