எழுபத்தெட்டு விழுக்காடு பொருத்தம்

சாங்கி பிசினஸ் பார்க், நான்காம் மாடி.
சன்னல் ஓர இருக்கை கிடைக்க
எட்டு மாதம் ஆயிற்று.
விமானங்கள் வயிற்றைக் காட்டியபடி இறங்கும்.
எந்த நாட்டு வால் என்று பார்ப்பதை
இப்போது விட்டுவிட்டேன்.

படித்தது அனைத்துலக உறவுகள்.
ஒன்பதாம் மாடி பச்சைநாயகி அக்கா
மின்தூக்கியில் கேட்டார்:
"உறவா? அப்ப குடும்பத் தகராறெல்லாம்
தீர்த்து வைப்பியா?"
ஆமாம் என்றேன்.
இரண்டு மாடிதான் மிச்சம்,
விளக்க நேரமில்லை.

கையேட்டின் பின்னட்டையில்
உலகமே உங்கள் களம் என்று போட்டிருந்தது,
நீலப் பின்னணியில், கண்டங்கள் இல்லாமல்.

வெளியுறவு அமைச்சுக்கு மூன்று முறை எழுதினேன்.
இரண்டாம் முறை நேர்காணல் வரை போனேன்,
கடன் வாங்கிய கோட்டில்.
மூன்றாம் முறை
மிக மரியாதையான ஒரு மின்னஞ்சல்.
அரசதந்திரம் என்றால் என்னவென்று
நாலு வருடத்தில் விளங்காதது
அந்த ஐந்து வரியில் விளங்கியது.

ஜெரார்ட் பொங்கோலில் வீடு விற்கிறான்.
ஷூ ஹுய் ஜெனீவாவில்,
சம்பளமில்லாப் பயிற்சி,
ஒரே அறையில் நாலு பேர்,
ஏரியின் படம் மட்டும் வாரம் தவறாமல் வரும்.
எல்லாரும் இதயம் போடுவோம்.

நான் வங்கியில் பெயர் பார்க்கிறேன்.
உலகத்தில் யாரோ யாருக்கோ பணம் அனுப்ப,
தடைப்பட்டியலில் இருக்கும் ஒருவனின் சாயல்
அந்தப் பெயரில் விழுந்துவிட்டால்
கணினி என் பக்கம் தள்ளும்:
பொருத்தம் இத்தனை விழுக்காடு.
அம்மா கேட்டுச் சிரித்தார்.
ஜாதகம் பார்க்கமாட்டேன் என்று சண்டை போட்டவளுக்கு
பொருத்தம் பார்க்கிற உத்தியோகம்.
ஒரே வித்தியாசம்,
இங்கே பொருந்தாமல் போனால்தான்
நல்லது நடக்கும்.

பெயரின் பாடு எனக்குத் தெரியும்.
ஹெல்சின்கியில் ஒரு பருவம் படிக்கப் போனபோது
குடும்பப் பெயர் எங்கே என்றது படிவம்.
என்னிடம் இருந்தது
ஒரு டி, ஒரு சாய்கோடு, ஒரு ஓ,
அதற்குப் பின்னால் அப்பா.
சாய்கோடு ஏற்கப்படாது என்றது திரை.
ஐந்து மாதம் அங்கே
நான் வெறும் செங்குட்டுவன்.

இன்று பதினொன்றேகாலுக்கு ஒரு யூசுப்.
எழுபத்தெட்டு விழுக்காடு.
செம்பவாங் கப்பல் பட்டறை,
நானூற்றுப் பத்து வெள்ளி, கொமில்லாவுக்கு.
பட்டியலில் உள்ள யூசுப் பிறந்தது அறுபத்தொன்பதில்.
செத்துவிட்டான் என்றும் ஒரு பழைய செய்தி உண்டு.
பட்டியலில் சாவுக்கென்று கட்டம் இல்லை.
இந்த யூசுப் என்னைவிட ஆறு வயது மூத்தவர்.
கடவுச்சீட்டுப் படத்தில்
கண் சிமிட்டாமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறார்.

பணம் எதற்கு?
தங்கையின் கல்லூரிக் கட்டணம்.
ஆதாரம்: சேர்க்கைக் கடிதம், முத்திரை கொஞ்சம் அழிந்தது.
முதலாம் ஆண்டு.
அனைத்துலக உறவுகள்.

கோப்பி ஆறிப்போகும் வரை
அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுதலாம் போலிருந்தது:
தங்கச்சி, புள்ளியியல் பாடம் ஒன்று சேர்த்து எடு.
அரபு படி. இல்லையென்றால் மாண்டரின்.
யாராவது மின்தூக்கியில் கேட்டால்
ஆமாம் என்று சொல்லிவிடு.
காரணப் பெட்டி
இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
அதையும் தணிக்கையாளர்கள் படிப்பார்கள்.
பிறந்த தேதி வேறு, ஆள் வேறு
என்று மட்டும் அடித்தேன்.
விடுவி.

அடுத்தது தொண்ணூற்றொன்று.
இது மனிதர் இல்லை, எண்ணெய்க் கப்பல்.
மூன்று வருடத்தில் மூன்றாவது பெயர்,
போன மாதம்தான் கொடி மாற்றியிருக்கிறது.
நேற்றிரவு மலாக்கா நீரிணையில்
ஆறு மணி நேரம் இருப்பிடம் சொல்லவில்லை.
அந்த நீரிணையைப் பற்றி
எண்பத்து நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்,
மேற்பார்வையாளரைத் தவிர யாரும் படிக்காதது.
எங்கே ஆழம் குறையும், எங்கே வழி ஒடுங்கும்,
எந்தத் தீவின் மறைவில் நிற்கலாம் என்று
இந்த மாடியில் வேறு யாருக்கும் தெரியாது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள்.
நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு
நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.