பதினொன்றே கால்

குசன்வீலில் இருக்கிறேன், பதினொரு வருடம்.
இருக்கிறேன் என்பது வாடகை ரசீதின் சொல்.
ஆறு பன்னிரண்டுக் கோச்சி
என்னைக் கொண்டுபோய்க் கார் து நோரில் கொட்டும்.
நள்ளிரவு தாண்டிக் கடைசிக் கோச்சி
அள்ளிக்கொண்டுவந்து திரும்பப் போடும்.
நடுவில் இந்த ஊரில் என்ன நடக்கிறதென்று
நான் கேட்டதில்லை,
அது சொன்னதுமில்லை.

ஞாயிறு எனக்கு லீவு.
ஞாயிறு ஊருக்கும் லீவு.
இழுத்து விட்ட தகரக் கதவுகளைத்தான்
என் ஊர் என்று தெரியும்.

மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை
உணவகத்தில் இடைவேளை தருவார்கள்.
ஒருநாள் கணக்குப் பார்த்தேன்:
போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது,
சப்பாத்தைக் கழற்றித் திரும்பப் போட்டால்
மிச்சம் ஒரு மணித்தியாலம்.
கோச்சி பிந்தினால் அதுவும் இல்லை.
நிலவறையில் உருளைக்கிழங்குச் சாக்கில் சாய்ந்து
மயோனைஸ் வாளிகளைப் பார்த்தபடி நித்திரை கொள்வேன்.

போன செவ்வாய்
பலகை முழுக்க ரத்து.
லே நூவில் யாரோ இரவோடிரவாகச்
செம்புக் கம்பியை வெட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.
மேடையில் நூறு பேர் இருப்போம்,
பெயர் தெரியாமல்
தூங்கும் விதம் மட்டும் தெரிந்த நூறு பேர்.
யன்னலில் நெற்றி முட்டுகிறவன்,
வாய் பிளந்து தூங்கும் நீலத் தொப்பி,
வில்லியே-லு-பெல் வந்ததும்
கண் திறவாமலே காலை மடக்கி வழிவிடும் அக்கா.
அன்றைக்குத்தான் எல்லோரையும் விழித்தபடி கண்டேன்.
முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது,
குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்த மாதிரி.

ஒன்பதரை மட்டும் நின்றேன்.
முதலாளிக்கு எடுத்துச் சொன்னேன்.
முதலில் ரயிலைத் திட்டினார், பிறகு என்னை.

பவளராணி கதவைத் திறந்து
"ஆருக்கு என்ன?" என்றாள்.
ஒருவருக்கும் ஒன்றுமில்லை, கோச்சி இல்லை.
குசினிக் கதிரையில் இருந்தேன்.
அவள் துடைக்க வேண்டிய இடத்தில் என் கால்.
மற்றக் கதிரைக்கு மாறினேன்,
அங்கேயும் அவளுக்கு ஏதோ சோலி இருந்தது.

அப்போது வெயில் வந்தது.
எதிர்க் கட்டடங்கள் இரண்டுக்கும் நடுவால் நுழைந்து
குளிர்பெட்டிக் கதவில் ஒரு சாண் அகலத்துக்கு நின்றது.
காந்தத்தில் ஒட்டியிருந்த பல் வைத்தியரின் துண்டு
ஏதோ பட்டயம் மாதிரி மினுங்கியது.
"இஞ்ச பார், வெயில்" என்றேன்.
அவள் திரும்பவில்லை.
"பதினொன்றே காலுக்கு வரும்,
இருபது நிமிசம் நிற்கும்."
கீழே, அது இறங்கப்போகும் இடத்தில்
பிள்ளையின் ஈரச் சப்பாத்து இரண்டும்
முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன.

கொத்தமல்லிக்குச் சந்தைக்கு அனுப்பினாள்.
கலைகிற நேரம். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
தலைக்கு மேலே தாழப் பறந்தது ஒரு விமானம்.
விலை சொன்ன வாய், குறை சொன்ன வாய்,
எல்லாம் அப்படியே நின்றன.
சத்தம் போனதும்
விட்ட எழுத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.
நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன்.
அதில்தான் மீசைக்கார வியாபாரிக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.
ஊருக்குப் புதிதோ என்று கேட்டார்.
ஓம் என்றேன்.
ஒரு கட்டுக் கூடுதலாக வைத்தார்.

புதன்கிழமை ஆறு பன்னிரண்டு ஓடியது.
நீலத் தொப்பி வாயைத் திறந்தான்.
அக்கா காலை மடக்கினாள்.

கோப்பை கழுவும் இயந்திரத்தின் மூடியைத் தூக்குகிறேன்,
நீராவி முகத்தில் அடிக்கிறது.
சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துப் பார்க்கிறேன்.
இப்போது பல் வைத்தியரில் நிற்கும்.
இன்னும் பத்து நிமிடத்தில்
சப்பாத்துக்கு இறங்கும்.
மேலேயிருந்து தட்டுக் கேட்டுக் கத்துகிறார்கள்.
ஒன்பது தட்டு, இன்னும் சுடுகிறது,
அடுக்கி அனுப்புகிறேன்.