மிதக்கிற கல்

பதினொன்றரைக்குப் போட் கட்டுது.
மாவலித் துறையிலை பத்து ஓட்டோ,
இறங்கின சனத்திலை ஓட்டோ பிடிக்கக்கூடியவை ஏழு பேர்.
ஒராள் வெள்ளைக்காரி.
தொப்பியைக் காத்துக்குக் குடுத்திட்டு
அது போற பக்கம் பார்த்துச் சிரிச்சவ.
அவவை நான் பிடிச்சன்.

சுத்திக்காட்ட நாலாயிரம்.
மூண்டு மணிக்குக் கடைசிப் போட்,
அதை விட்டால் நாளைக்கு விடியத்தான்.
விரலாலை சொன்னன், மணிக்கூட்டைத் தட்டிச் சொன்னன்.
அவ தன்ர போனுக்கு ஏதோ சொல்ல
அது எனக்குத் தமிழிலை சொல்லிச்சு:
"ஐயா, நானும் ஒரு தீவு."
தீவுக்காரி எண்டு சொல்ல வந்திருக்கும்.
நான் திருத்தேல்லை.

பெயர் இனேஸ். ஊரின்ர பெயரை ரெண்டுதரம் சொன்னா,
ரெண்டுதரமும் சைலன்சர் விழுங்கிப்போட்டுது.

துறைக்குக் கிட்ட, பெயர் வெட்டின தூணடியிலை
நிப்பாட்டச் சொன்னா.
எழுத்துத் தெரியாது,
மேலையிருந்து விரல் வைச்சு எண்ணிக்கொண்டு வந்தவ
பாதியிலை விட்டிட்டு வந்து ஏறினா.
போனை எடுக்கேல்லை.
நானும் வண்டியை எடுத்தன்.

பெருக்கமரப் பொந்துக்கை
எல்லாரும் எடுக்கிற படத்தை அவவும் எடுத்தா.

பிறகு, தெற்காலை போற கல்றோட்டிலை, குலுங்கிக் குலுங்கி,
போன் கதைக்கத் தொடங்கிச்சு.
அவவின்ர தீவு மலை சத்தியெடுத்து வந்ததாம்.
கடற்கரை கறுப்பாம்.
மலை இன்னும் உள்ளுக்கை ஆறேல்லையாம்,
அந்தச் சூட்டிலை கோழி வாட்டி விக்கினமாம்.
வாற சனத்தை ஒட்டகத்திலை ஏத்திச் சுத்திக்காட்டுகினமாம்.

ஒட்டகத்துக்குப் பெற்றோல் தேவையில்லை.
எனக்கு அது கானிலை அடைச்சு
கடலாலை வரவேணும்.
கடல் குழம்பினால்
நான் வண்டியைப் பார்க்க, வண்டி என்னைப் பார்க்கும்.

"உங்கட தீவு எந்த நெருப்பு?" எண்டு போன் கேட்டுது.
நெருப்பில்லை அம்மா,
முருகைக்கல். கடல்பூச்சி செத்துச் செத்துக் கட்டினது.
போன் அதை என்னெண்டு மாத்திச்சோ,
அவ குனிஞ்சு நிலத்தைத் தொட்டிட்டு
கையை உடுப்பிலை துடைக்காமல் வைச்சிருந்தா.

ஒரு மதிலடியிலை மட்டும் துள்ளிக் குதிச்சு இறங்கினா.
சாந்தில்லாமல், கல்லுக்கு மேலை கல்,
காத்து நுழைஞ்சு போக ஓட்டை விட்டு
அடுக்கின சும்மா மதில்.
அவவின்ர ஊரிலையும் இப்பிடித்தானாம்,
காத்துக்குப் பயந்து திராட்சைக்கு அடுக்கிறதாம்,
கறுப்புக்கல்லிலை.
சரிஞ்சு கிடந்த ஒண்டைத் தூக்கி
மூண்டு இடத்திலை வைச்சுப் பார்த்து
நாலாவதிலை இருத்தினா.
இருந்துது.
அந்தக் காணிக்காரன் கனடாவிலை. சொல்லேல்லை.

குதிரைவெளியிலை பின் ரயர் இருந்துபோச்சு.
நேரம் ரெண்டு பத்து.
ஜாக் இல்லை. அவ ஒரு பக்கம் தூக்க
நான் கல்லை அண்டை குடுத்தன்.
அஞ்சாறு குதிரை வந்து சுத்தி நிண்டு பார்த்துது,
எங்களைப் பார்க்க வந்த உல்லாசப் பயணிகள் மாதிரி.
"இதிலை ஏறுவீங்களா?" எண்டு போன் கேட்டுது.
ஒருத்தரும் ஏறுறேல்லை.
அதுகளுக்கும் எங்கையும் போக இல்லை.

துறைக்கு வரக் கயிறு அவிழ்த்தாச்சு.
நான் ஹோர்ன் அடிக்க, அவ ஓட,
ஒரு பொடியன் கையைப் பிடிச்சு உள்ளை இழுக்க,
காசோடை சேர்த்து எறிஞ்சமாதிரித் தந்திட்டுப் போனது
ஒரு நரைச்ச கல்.
முட்டையளவு. பாரமேயில்லை.

"நாலாயிரத்தோடை கல்லும் தந்தவவோ?"
செபமாலை வாங்கி மணந்து பார்த்தாள்.
வாளித் தண்ணியிலை போட்டுக் காட்டினன்:
மிதந்துது.
நெருப்பிலை பிறந்ததெண்டு விளங்கப்படுத்தத் தொடங்க,
அவள் கிணத்துக்கட்டுக்குப் பின்னாலை கைவிட்டு
இன்னொண்டை எடுத்துப் பக்கத்திலை போட்டாள்.
அதுவும் மிதந்துது.
"மேற்குக் கரையிலை ஒதுங்கினது.
எத்தினை வருசமாக் குதிக்கால் தேய்க்கிறன்,
நீதான் பார்க்கேல்லை."

விடிய எழும்பிப் போய்ப் பார்க்க
ரெண்டும் ஒண்டோடையொண்டு முட்டிக்கொண்டு நிண்டுது.
எது இனேஸின்ரை எண்டு
எனக்குத் தெரியேல்லை.
செபமாலை ரெண்டையும் எடுத்துக் கட்டிலை வைச்சிட்டு
தண்ணியை ஆட்டுக்குக் கொண்டுபோனாள்.
நான் துறைக்குப் போனன்.