முப்பத்தெட்டாம் கேள்வி

ஓவ்லு நகரம், பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
பனி வழிக்கும் வண்டி.
தூலிக்கி படிவம் நிரப்புகிறாள்:
எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை.

காலுறைத் தையல் உறுத்துமா?
உள்வெளியாகத் திருப்பித்தான் போடுவான்.
கை உலர்த்தும் இயந்திரம்?
கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினாள்:
நீச்சல்குளத்துக்கே போவதில்லை நாங்கள்.

முப்பத்தெட்டு.
பிறர் கவனிக்காத ஒலிகள்
பிள்ளையைத் தொந்தரவு செய்கின்றனவா?
எப்போதாவது, என்று குறிக்கப்போனாள்.

மேசைக்கடியில் வெய்க்கோ
காதைப் பொத்தியிருந்தான்.
வண்டி போய் வெகுநேரம்.
மார்கெத்தா பேசவில்லை. விளக்கும் இரையவில்லை.

பேனாவைத் தூக்கினாள்:
அவன் தோள் தணிந்தது.
தாளில் வைத்து இழுத்தாள்:
ஏறியது.

மிச்சக் கேள்விகளுக்கு
விரலால் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.
மார்கெத்தாவும்
தன் பேனாவை மூடினாள்,
'டக்'கென்று கேட்காமல்,
மெதுவாக.