இரண்டாவது கால்

பாகப்பத்திரத்தில்
கிணறு பொது, மோட்டார் பொது,
கீழ்வீடு எனக்கு, மாடி தில்லைக்கரசிக்கு.
தென்னை மூன்றையும் எண்ணி எழுதிய வக்கீல்
கார் ஷெட்டை எழுதினார்,
உள்ளே நின்ற காரை விட்டுவிட்டார்.

அறுபத்தொன்பதாம் வருசத்து பியட்.
மஞ்சக்குப்பத்து உப்புக்காற்று
கதவடித் தகரத்தை அப்பளமாய்ப் பொரித்திருந்தது.
பார்க்க வந்த மெக்கானிக் ஜபருல்லா
"இரும்பு விலைக்குப் போகும் மேடம்" என்றார்.
அந்த "மேடம்" பிடிக்கவில்லை.
அதனால்தான் ஆரம்பித்தேன்.
காரணம் கேட்பவர்களிடம்
வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

மின்வாரியத்தில் இருபத்தாறு வருசம்
அடுத்தவர் மீட்டரைப் படித்தவள்.
பத்தாம் நம்பர் ஸ்பானருக்கும் பதினொன்றுக்கும்
இவ்வளவு பகை இருக்குமென்று தெரியாது.
முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு போல்ட்.
மண்ணெண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன்.
தலையை மட்டும் கொடுத்துவிட்டு
உடம்போடு உள்ளேயே தங்கிவிட்டது.

கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன்.
ஜெட்டின் ஊசித்துளையில்
ஏதோ ஒரு குளவி வீடு கட்டியிருந்தது.
ஒவ்வொன்றையும் படமெடுத்துத்தான் கழற்றினேன்.
சேர்த்தபோது ஒரு வாஷர் மிஞ்சியது.
மறுபடி பிரித்துச் சேர்த்தேன்.
இரண்டு மிஞ்சின.

பிளக் வயர்களை
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று மாட்டினேன்.
இன்ஜினோ
ஒன்று மூன்று நான்கு இரண்டு என்று எண்ணுகிற ஜாதி.
சைலன்சர் வெடித்த வெடியில்
எதிர்வீட்டு அந்தோணிராஜ் பால்பாக்கெட்டைப் போட்டுவிட்டார்.
மாடி ஜன்னல் திறந்தது, மூடியது.
கோர்ட்டுக்குப் போன இந்த மூன்று வருசத்தில்
அவள் என்னிடம் பேசிய
நீளமான வாக்கியம் அது.

பிரேக் மட்டும் தனியாளுக்கு நடக்காது.
குழாயில் காற்று இருந்தால் பெடல் தரைவரை போகும்,
பஞ்சுமூட்டையை மிதித்த மாதிரி.
ஒருத்தி உள்ளே மிதிக்க வேண்டும்,
ஒருத்தி சக்கரத்தடியில் நிப்பிளைத் திறக்க வேண்டும்.
செங்கல் வைத்துப் பார்த்தேன்.
சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே
துடைப்பக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்.
ஜபருல்லாவைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஞாயிறு மதியம்
இடது பின்சக்கரத்தடியில் படுத்திருக்கிறேன்.
மருந்துக்கடை சலைன் குழாய்,
ஒரு முனை நிப்பிளில்,
மறுமுனை ஊறுகாய் பாட்டிலில்.
ஸ்டாண்டில் நின்ற கார் முனகியது.
கதவு சாத்தும் சத்தம்.

என்மேல் வழக்குப் போட்டவள் மேலே.
நான் கீழே,
நடுவில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இரும்பு.

"மிதிக்கவா?"

"மிதி. பிடிச்சுக்க."

திறந்தேன்.
கடுங்காப்பி நிறத்தில் வந்தது,
கூடவே குமிழ், பின்னால் இன்னொரு குமிழ்.

"போகுது, கீழ போகுது..."

"விடாத. நான் சொல்றவரைக்கும் விடாத."

மூடினேன்.

"இப்ப விடு."

கெடிலத்துப் பக்கமிருந்து வந்த வெயில்
வாசலுக்குள் பாதிதூரம் நகர்ந்துவிட்டது.
கிணற்றைப் பற்றிப் பேசவில்லை,
மோட்டார் பில்லைப் பற்றிப் பேசவில்லை.
எண்ணெய் குறைகிறதென்று
நான் கேட்காமலே இறங்கி ஊற்றினாள்,
பெயின்ட்டில் ஒரு சொட்டு விழாமல்.
நாலாவது சக்கரத்தில்
குழாய் முழுக்க வெளுத்த மஞ்சள்.
குமிழ் இல்லை.

"இறுகிடுச்சு" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியேறியவள்
ஏழாவது படியில் நின்றாள்.

"ஹேண்ட்பிரேக்?"

"அது கேபிள். ஒரு ஆளே போதும்."

"ஓ."

மாடிக்கதவு சாத்திக்கொண்டது.
ஒரு ஆளே போதும் என்றுதான்
மேனுவலிலும் இருக்கிறது.
ஊறுகாய் பாட்டிலைக் கையில் பிடித்தபடி
நிற்கிறேன்.